கொள்ளை நோயும் உழவர் எழுச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் குழந்தைகளின் ஆடலும் நிறைந்திருத்தல் இயல்பு. அவற்றின் நடுவே வரலாறு பற்றியும் சிறிது நேரம் பேச வேண்டும் என்று சங்கத்தார் பணித்தனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் 14-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பா, சிறப்பாக இங்கிலாந்து. மன்னர்கள் வென்ற போர்களைப் பற்றி அன்று. மண்ணை உழுத மக்களைப் பற்றியே ஈண்டுப் பேச விரும்புகின்றோம். உங்கள் முன் ஒரே ஒரு வினாவை வைத்து, அதற்கு விடை தேடுவதே நம் நோக்கம்.

வினா இதுதான். கி.பி. 1300-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் உழவர்களில் பெரும் பகுதியினர் பண்ணையடிமைகள். 1600-ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் பண்ணையடிமை என்று சுட்டத்தக்கவரைக் காண்பது அரிதினும் அரிது. வியப்பு யாதெனில், பண்ணையடிமை முறையை இன்றோடு ஒழித்தோம் என்று இங்கிலாந்துப் பாராளுமன்றம் அதற்கிடையில் ஒரு சட்டமும் இயற்றவில்லை. விடுவித்த சட்டம் இல்லை. ஆயினும் விடுதலை வந்தது. அஃது எவ்வாறு வந்தது?

முதலில் அந்தப் பண்ணையடிமையின் வாழ்வைக் காண்போம். சந்தையில் நிறுத்தி விலை பேசப்பட்ட அடிமை என்று அவனை எண்ணிவிடலாகாது. அவனுக்குக் குடிசை உண்டு. உழுவதற்குச் சில ஏக்கர் நிலம் உண்டு. மனைவி மக்கள் உண்டு. ஆனால் அவன் பிரபுவின் பண்ணையோடு பிணைக்கப்பட்டவன். பல பண்ணைகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் தன் கதிர் மழையில் நனைந்து கிடந்தாலும், பிரபுவின் கதிரை அறுத்துக் கட்டிய பின்னரே தன் வயலுக்குத் திரும்பலாம். மகளுக்கு மணம் முடிக்கப் பிரபுவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். தந்தை இறந்தால், தொழுவத்தில் உள்ளவற்றுள் சிறந்த மாட்டைப் பிரபுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஊரை விட்டுச் சென்று வேற்றூரில் வாழ விரும்பினால், அதற்கும் ஆண்டுதோறும் ஒரு தலைக்கட்டணம் உண்டு. பிறந்த ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு, அந்தக் கடைசிக் கட்டணத்தின் கொடுமையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்கடமைகள் எல்லாம் பண்ணை மன்றத்தின் ஏட்டில் எழுதப்பட்டிருந்தன. இன்னான் மகன் இன்னான் அடிமை. அவன் தந்தையும் அடிமை. செலுத்த வேண்டியது இவ்வளவு என்று தோற்சுருளில் எழுதிப் பிரபுவின் பெட்டகத்தில் பூட்டி வைத்தனர். எழுத்தறியாத உழவனுக்கு அந்த ஏடே விலங்காக இருந்தது.

ஈண்டு ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இலண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்றோர் ஊர் உள்ளது. அங்கே துறவிகளின் மடமே நிலப்பிரபு. ஊரார் தங்கள் தானியத்தை மடத்தின் ஆலையிலேயே அரைக்க வேண்டும். அரைப்பதற்கு ஆலைக்கு உரியதைக் கொடுக்கவும் வேண்டும். ஊராரோ வீட்டில் திருகை வைத்து அரைத்துக்கொண்டனர். நம் பாட்டிமார் வைத்திருந்தார்களே, அதே போன்ற திருகைதான்: கீழே ஒரு கல், மேலே ஒரு கல், சுற்றுவதற்கு ஒரு பிடி. அப்போது மடாதிபதியாக இருந்தவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு. அவர் கணிதம் வல்லவர். கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பெருங்கடிகாரம் ஒன்றை வகுத்த அறிஞர். அத்தகைய அறிஞர் 1330-களின் தொடக்கத்தில் ஊராரின் திருகைகளைப் பறிமுதல் செய்தார். செய்ததோடு அமையாமல், அக்கற்களைக் கொண்டே தம் மடத்துக் கூடத்துக்குத் தளம் பாவினார். அக்கூடத்துக்குச் செல்லும் ஊரான் ஒவ்வொருவனும் தன் வீட்டுத் திருகைக் கல்லை மிதித்தே நடக்க வேண்டியதாயிற்று. இக்கற்களை நினைவில் வைத்திருங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இவற்றிடம் மீண்டும் வருவோம்.

இவ்வளவுக்கும் உழவர்கள் ஏன் பணிந்தனர்? மக்கள் மிகுதி, நிலம் குறைவு. இதுவே காரணம். ஒருவன் நிலத்தை விட்டு நீங்கினால், அதைப் பெறுவதற்குப் பத்துப் பேர் காத்திருந்தனர். 1315-ஆம் ஆண்டில் வட ஐரோப்பா எங்கும் மழை ஓயாது பெய்தது. விதை அழுகியது, வைக்கோல் உலரவில்லை, உப்புக் காய்ச்சவும் வெயில் இல்லை. அடுத்த ஆண்டும் அவ்வாறே. 1317 வரையில் பெரும்பஞ்சம் நிலவியது. எண்ணற்றோர் மாண்டனர். அத்தகைய காலத்தில் மூன்று ஏக்கர் நிலம் உடையவன், அடிமையாயினும், தன்னைப் பேறுடையவன் என்றே கருதினான்.

அதன் பின் முப்பது ஆண்டுகள் கழித்து வந்தது கொள்ளை நோய். கருங்கடற்கரையில் காஃபா என்னும் துறைமுகம் ஜெனோவா நகர வணிகரின் குடியேற்றமாக இருந்தது. 1346-இல் மங்கோலியப் படை அதை முற்றுகையிட்டிருந்தபோது படையினுள் நோய் புகுந்தது. அப்பகுதியிலிருந்து கப்பல்களின் வழியே மேற்கு நோக்கிப் பரவியது. 1347 அக்டோபரில் சிசிலித் தீவின் மெசினாவை அடைந்தது. 1348-இல் பிளாரன்சும் பாரிசும் அதன் வாய்ப்பட்டன. அவ்வாண்டுக் கோடையில் இங்கிலாந்தின் தென்கரையில் மெல்கம் என்ற சிறு துறைமுகத்தில் இறங்கியது. இலையுதிர் காலத்துக்குள் இலண்டனைப் பற்றியது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும், கடுங்காய்ச்சல் எழும், நோயுற்றோரிற் பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் இறந்துபடுவர். பிளாரன்சு நகரத்தில் உடன்பிறந்தார் உடன்பிறந்தாரைக் கைவிட்டதையும், பெற்றோரே பிள்ளைகளை விட்டு நீங்கியதையும் பொக்காச்சியோ தம் 'டெக்கமரான்' நூலின் தொடக்கத்தில் எழுதி வைத்துள்ளார்.

மாண்டவர் எத்துணைப் பேர்? அறிஞர்களின் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கு என்பாரும், பாதி என்பாரும் உளர். இங்கிலாந்தில் அரைக்கோடி அளவில் இருந்த மக்கள்தொகை, நோய் மீண்டும் மீண்டும் வந்ததனால், 1377-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சமாகக் குறைந்தது என்பது பலரும் ஏற்கும் கணக்கு.

அக்காலத்தார் நோயின் காரணத்தை அறியார். பாரிசுப் பல்கலைக் கழகத்து மருத்துவர்கள், 1345-ஆம் ஆண்டில் மூன்று கோள்கள் ஓரிடத்தில் கூடியதால் காற்று நஞ்சாயிற்று என்றனர். உண்மைக் காரணமான நுண்ணுயிரை 1894-இல் ஆங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டறிந்தார். எலி போன்ற கொறிவிலங்குகளிடமும் அவற்றின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியிடமும் அது தங்குகிறது. நம் நாடும் அந்நோயை அறியும். 1896-இல் பம்பாயில் அது பரவியபோது, வால்டெமார் ஹாஃப்கின் அந்நகரிலேயே தடுப்பூசி ஆக்கி 1897-இல் தம் உடலில் முதலில் குத்திக்கொண்டார். கோவை வட்டாரத்தில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு இன்றும் கோயில்கள் உள்ளன. இலண்டனில் 1349-ஆம் ஆண்டளவில் புதைத்தோரின் பற்களிலிருந்து அதே நுண்ணுயிரின் மரபுக் கூற்றைப் பிரித்தெடுத்து 2011-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஐயம் அகன்றது.

காரணம் அறியாதபோது மக்கள் இருவகையாக நடந்துகொண்டனர். ஒன்று அறிவின் வழி. அட்ரியாட்டிக் கடற்கரையில் இருந்த ரகூசா நகரத்தார் 1377-இல் ஒரு விதி வகுத்தனர். நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோர் நகருக்குள் புகுமுன் முப்பது நாள் ஒதுக்கிடத்தில் தங்க வேண்டும் என்பது அது. பின்னர் அம்முப்பது நாற்பதாயிற்று. நாற்பது என்பதற்குரிய இத்தாலியச் சொல்லிலிருந்தே குவாரண்டைன் என்ற சொல் பிறந்தது. 2020-ஆம் ஆண்டில் நம் வீட்டுச் சிறுவர்களும் அச்சொல்லைக் கற்றுக்கொண்டார்கள் அல்லவா!

மற்றொன்று பழியின் வழி. கிணறுகளில் யூதர்கள் நஞ்சு கலந்தனர் என்ற வதந்தி கிளம்பியது. போப்பாண்டவர் ஆறாம் கிளெமெண்ட், யூதர்களும் இந்நோயால் மடிகின்றனரே, அவர்கள் எவ்வாறு காரணராவர் என்று வாதிட்டு 1348-இல் ஆணை விடுத்தார். கேட்பார் இல்லை. 1349 பிப்ரவரி 14-ஆம் நாள் ஸ்டிராஸ்பர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்களை அவர்களுடைய இடுகாட்டிலேயே மேடை அமைத்து எரித்தனர். அவர்களுக்குத் தர வேண்டிய கடன்கள் கிழித்தெறியப்பட்டன. அவர்கள் பொருளை நகரத்தார் பகிர்ந்துகொண்டனர். கருத்தில் கொள்ள வேண்டுவது யாதெனில், அந்நாளில் ஸ்டிராஸ்பர்க் நகரை நோய் எட்டவேயில்லை. நோய்க்கு முன்னரே பழி வந்து சேர்ந்தது.

இனி, நம் வினாவுக்கு வருவோம். நோய் ஓய்ந்தபின் இங்கிலாந்தில் வயல்கள் இருந்தன, ஏர் இருந்தது, உழுவோர் இலர். கதிர் முற்றி நின்றது, அறுப்போர் இலர். நேற்றுவரை ஒரு வேலைக்குப் பத்துப் பேர் காத்திருந்தனர். இன்று ஒருவனுக்காகப் பத்து வேலைகள் காத்திருந்தன. உழைப்பவன் தன் உழைப்புக்கு விலையுண்டு என்பதை அன்றுதான் அறிந்தான். முன்னினும் இருமடங்கு கூலி கேட்டான். உச்சி வேளைக்குச் சூடான உணவும் கேட்டான். கொடாவிடில் அடுத்த ஊருக்குச் சென்றான்.

அரசு உடனே சட்டத்தைக் கையில் எடுத்தது. 1349 ஜூன் மாதத்தில், நோய் ஓயுமுன்னரே, மூன்றாம் எட்வர்டு மன்னரின் ஆணை பிறந்தது. அறுபது வயதுக்கு உட்பட்ட, வேறு பிழைப்பு இல்லாத ஆண் பெண் அனைவரும் கேட்டவரிடம் வேலை செய்ய வேண்டும். நோய்க்கு முன் 1346-ஆம் ஆண்டளவில் இருந்த கூலியையே பெற வேண்டும். வேலை செய்யும் வலிமையுள்ள இரவலர்க்குப் பிச்சை இடுவதும் குற்றம். 1351-இல் பாராளுமன்றம் தொழிலாளர் சட்டத்தை இயற்றி இதை இறுக்கியது. புல் உலர்த்துவோர்க்கு நாளுக்கு 1 பென்னி. தலைமைத் தச்சருக்கு 3 பென்னி என ஒவ்வொரு தொழிலுக்கும் கூலி வரையறுக்கப்பட்டது. மீறுவோரைப் பிணிப்பதற்கு ஊர்தோறும் தொழுமரம் நாட்டப்பட்டது. 1363-இல் உடைக்கும் ஒரு சட்டம் வந்தது. ஏர் உழுவோரும் இடையரும் முரட்டுக் கம்பளித் துணியன்றி வேறு அணியலாகாது என்றது அது. உழவன் நல்ல துணி உடுத்தத் தொடங்கினான் என்பதற்கு அச்சட்டமே சான்று! எவரும் செய்யாததை எவரும் தடுப்பதில்லை. ஓரிரு ஆண்டுகளில் அச்சட்டத்தைத் திரும்பப் பெற்றனர்.

கூலிச் சட்டம் ஏன் முழுவெற்றி பெறவில்லை? அதை இயற்றிய பிரபுக்களே அதை மீறினர். ஒரு பிரபுவின் கதிர் வயலில் உதிர்கின்றது. அண்டைப் பண்ணையிலிருந்து ஓடிவந்த ஒருவன் அரிவாளோடு வந்து நிற்கின்றான். நீ எவருடைய அடிமை என்று கேட்பாரா? கேட்டால் கதிர் வீணாகும். கேளாமல், பொழுது சாய்ந்தபின் சட்டத்துக்கு மேற்பட்ட கூலியைக் கொடுத்தார். இன்று தம் அண்டை வீட்டாரின் அடிமையைச் சேர்த்துக்கொண்டவர், நாளை தம் அடிமை ஓடிவிட்டான் என்று வழக்குத் தொடுத்தார். நகரங்களும் இருந்தன. சாசனம் பெற்ற நகரங்களில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்த அடிமை உரிமையுடையவன் ஆவான் என்பது பழைய வழக்கம். ஆகவே மக்கள் நடந்தனர். ஊரை விட்டு ஊருக்கும், ஊரை விட்டு நகருக்கும் நடந்தனர். அவர்களுடைய கால்கள் சட்டத்தினும் விரைந்தன.

சட்டத்தின் வழியையும் அவர்கள் விடவில்லை. 1377-ஆம் ஆண்டில் தென்னிங்கிலாந்தின் பல ஊரார் பொருள் திரட்டி, 1086-இல் தொகுக்கப்பட்ட டோம்ஸ்டே என்னும் பழைய நிலப் பதிவேட்டிலிருந்து படி எடுத்துப் பெற்றனர். எங்கள் ஊர் பழங்காலத்தில் மன்னரின் நேர்நிலமாக இருந்தது. ஆதலால் இக்கடமைகள் எங்களுக்கு இல்லை என்று வாதிட்டனர். பாராளுமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. ஏட்டை ஏட்டால் வெல்ல முயன்றவர்க்கு வழி அடைபட்டது.

அதன்மேல் தலைவரி வந்தது. பிரான்சு நாட்டோடு நடந்த நெடும்போருக்குப் பணம் வேண்டும் என்று 1377-இல் தலைக்கு 4 பென்னி தண்டினர். 1379-இல் மீண்டும் தண்டினர். 1380-இல் தலைக்கு 12 பென்னி என விதித்தனர். சட்டம் வகுத்த கூலிப்படி பார்த்தால், புல் உலர்த்தும் ஒருவனுக்கு அது பன்னிரண்டு நாள் ஊதியம். மனைவிக்கும் சேர்த்தால் இருபத்து நான்கு நாள் ஊதியம். 1377-இல் வரி செலுத்தியோர் ஏறத்தாழ 13,55,000 பேர். 1381-இல் கணக்கிற்கு வந்தோர் ஏறத்தாழ 8,96,000 பேரே. நாலரை இலட்சம் பேர் ஏட்டிலிருந்து மறைந்துவிட்டனர்! அவர்கள் மாண்டவர் அல்லர்; மறைக்கப்பட்டவர். தாயையும் தமக்கையையும் ஊரார் கணக்கில் காட்டாது விட்டனர். அரசு மறைந்தோரைத் தேடி ஆள் அனுப்பியது. அதுவே தீப்பொறி ஆயிற்று.

1381 மே 30-ஆம் நாள் எசெக்ஸ் வட்டத்துப் பிரென்ட்வுட் ஊரில் வரி கேட்டு வந்தவர்களை மக்கள் விரட்டினர். சில நாட்களில் கெண்ட் வட்டமும் எழுந்தது. வாட் டைலர் என்பவர் தலைவரானார். ஜான் பால் என்ற பாதிரியாரைச் சிறையிலிருந்து மீட்டனர். எல்லோரும் ஒரே தாய் தந்தையரின் வழிவந்தவராயிருக்க, பிரபு யார், அடிமை யார் என்று சந்தைகளில் உரைத்தமைக்காகச் சிறை சென்றவர் அவர். ஜூன் 13-ஆம் நாள் மக்கள் இலண்டனுள் புகுந்தனர். நகரத்து எளியோரே வாயிலைத் திறந்துவிட்டனர். மன்னரின் சிற்றப்பனாகிய கான்ட் ஜானின் சவாய் மாளிகை எரிந்தது. அங்கிருந்த பொன்னையும் வெள்ளியையும் உடைத்தெறிந்தனர். நாங்கள் திருடரல்லர் என்று சொல்லி, களவாடியவனைத் தண்டித்தனர் என்று அக்கால வரலாற்றாசிரியர் எழுதினர். செல்லுமிடந்தோறும் அவர்கள் முதலில் தேடியது பணப் பெட்டியை அன்று, ஏட்டுப் பெட்டியை. பண்ணை மன்றங்களின் ஏடுகளைத் தெருவில் குவித்துக் கொளுத்தினர்.

மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கு அப்போது வயது பதினான்கு. ஜூன் 14-ஆம் நாள் மைல் எண்ட் என்ற வெளியில் அவர் மக்களைச் சந்தித்தார். இனி எவரும் அடிமையாக இருத்தல் கூடாது. நிலத்துக்கு ஏக்கருக்கு 4 பென்னி மட்டுமே வாரம் பெறுதல் வேண்டும். விரும்பியவரிடம் பேசிய கூலிக்கு வேலை செய்யும் உரிமை வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். மன்னர் இசைந்தார். எழுத்தர்கள் அமர்ந்து ஊர் ஊராக விடுதலைச் சாசனம் எழுதித் தந்தனர். பலர் அதைப் பெற்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பினர்.

அதே நாளில் எழுச்சியின் மறுபக்கமும் தெரிந்தது. காண்டர்பரித் தலைமைப் பேராயர் சட்பரியையும் கருவூலத் தலைவர் ஹேல்சையும் கோட்டையிலிருந்து இழுத்து வந்து தலையை வெட்டினர். அவர்கள் ஆட்சியில் பங்கு கொண்டவர், வரிக்குப் பொறுப்பானவர். ஆனால் ஃபிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளர் செய்த பிழை யாது? மூன்றாம் எட்வர்டு மன்னரின் பாதுகாப்பை நம்பி வந்து, தறி வைத்துப் பிழைத்த வேற்று மொழியாளர் அவர்கள். தேவாலயம் ஒன்றில் அடைக்கலம் புகுந்த அவருள் முப்பத்தைந்து பேரை வெளியே இழுத்துக் கொன்றதாக அக்காலக் குறிப்பு கூறும். உரிமை கேட்டு எழுந்த கைகளே அயலார் மேல் வீழ்ந்தன. ஸ்டிராஸ்பர்க்கின் பழி இலண்டன் தெருவிலும் நின்றது. உழவர்பால் எத்துணைப் பரிவு கொண்டாலும் இதை மறைத்து வரலாறு சொல்லுதல் முறையன்று. வேற்று மொழி வழங்கும் நகரில் வாழும் நாம் அதை மறைக்கவே கூடாது.

ஜூன் 15-ஆம் நாள் ஸ்மித்ஃபீல்டில் இரண்டாம் சந்திப்பு நிகழ்ந்தது. சொல் வளர்ந்து பூசலாகி, இலண்டன் மேயர் வில்லியம் வால்வொர்த் வாட் டைலரை வெட்டினார். மக்கள் வில்லை வளைக்கும் வேளையில், சிறுவனாகிய மன்னர் குதிரையை முன்னே செலுத்தி, நானே உங்கள் தலைவன், என் பின்னே வாருங்கள் என்றார். மன்னர்பால் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை பெரிது. பின்தொடர்ந்தனர், கலைந்தனர்.

அதே ஜூன் 15-ஆம் நாளில்தான் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரார் மடத்தினுள் புகுந்தனர். வில்லியம் கிரிண்ட்காப் அவர்களுக்குத் தலைவர். ஐம்பது ஆண்டுகளாக மிதிபட்டுக் கிடந்த திருகைக் கற்களை அவர்கள் கூடத்திலிருந்து பெயர்த்தெடுத்தனர். பெயர்த்த கற்களைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, கோயிலில் அப்பம் வழங்குவது போல, ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டனர். அத்துண்டுகளால் மாவரைக்க முடியாது. ஆயினும் தாத்தாவிடமிருந்து பறித்ததைப் பேரன் மீட்டான். இதை எழுதி வைத்தவர் அம்மடத்துத் துறவியாகிய தாமஸ் வால்சிங்கம். ஊரார்பால் அவருக்கு அன்பு இல்லை; ஏளனமே மிகுதி. ஆயினும் அவர் எழுதியமையால் நாம் அறிகின்றோம்.

பின்னர் நிகழ்ந்தது எளிதில் ஊகிக்கத்தக்கது. ஜூலை 2-ஆம் நாள் செம்ஸ்ஃபோர்டில் மன்னர் தாம் தந்த சாசனங்களைச் செல்லாதவை என்றார். ஜூலை 15-இல் ஜான் பால் செயின்ட் ஆல்பன்சில் தூக்கிலிடப்பட்டார். கிரிண்ட்காப்பைப் பிணையில் விட்டு, பெற்ற சாசனங்களைத் திருப்பித் தருமாறு ஊராரிடம் சொல்லச் செய்தனர். அவரோ, என் உயிருக்காக அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள் என்று ஊராரிடம் சொல்லிவிட்டுத் தூக்குமரம் ஏறினார். நவம்பரில் கூடிய பாராளுமன்றத்தில், அடிமைகளை விடுவிக்க விருப்பமா என்று கேட்டபோது, இல்லை என்று பிரபுக்கள் ஒரே குரலில் மறுத்தனர். ஒரு மாதத்தில் எழுச்சி முடிந்தது. ஏட்டின்படி, உழவர் கேட்ட ஒன்றும் கிட்டவில்லை.

ஆனால் ஏட்டுக்கு வெளியே யாது நிகழ்ந்தது? அத்தகைய தலைவரியை மீண்டும் விதிக்க அத்தலைமுறை துணியவில்லை. கொள்ளை நோய் மீண்டும் மீண்டும் வந்ததால் உழைப்பாளர் அருகியே இருந்தனர். பிரபு இறுக்கினால் உழவன் நடந்துவிடுவான் என்ற அச்சம் பண்ணைதோறும் நிலவியது. கூலியற்ற உழைப்பு மெல்ல மெல்லப் பணவாரமாக மாறியது. அடிமை நிலம் என்ற பெயர் மறைந்து, பண்ணை மன்ற ஏட்டின் படியை உழவன் கையில் கொடுத்து, அதுவே அவன் உரிமைச் சீட்டு என்னும் முறை வளர்ந்தது. காண்க: 1381-இல் எந்த ஏட்டைத் தங்கள் விலங்கு என்று கொளுத்தினரோ, அதே ஏட்டின் படி அடுத்த நூற்றாண்டில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு உரிமைப் பத்திரமாயிற்று. 15-ஆம் நூற்றாண்டை ஆங்கிலத் தொழிலாளியின் பொற்காலம் என்று தோரல்டு ரோஜர்ஸ் என்ற பொருளியல் வரலாற்றறிஞர் அழைத்தார். 1574-இல் முதலாம் எலிசபெத் அரசியார், தம் பண்ணைகளில் எஞ்சியிருந்த சில அடிமைகளைப் பொருள் பெற்று விடுவிக்க ஆணையர்களை ஏற்படுத்தினார். அவ்வளவோடு அம்முறை வரலாற்றிலிருந்து மறைந்தது.

அங்ஙனமாயின் கொள்ளை நோயே விடுதலையைத் தந்தது என்று கூறலாமா? கூறலாகாது. எல்பே ஆற்றுக்குக் கிழக்கே பார்த்தால் அது விளங்கும். போலந்திலும் கிழக்குப் பிரஷ்யாவிலும் உழைப்பாளர் குறைவாகவே இருந்தனர். ஆனால் அங்கே நகரங்கள் வலியற்றவை, பிரபுக்கள் ஒன்றுபட்டவர், மேற்கு நாடுகளுக்குத் தானியம் ஏற்றுமதி செய்து பொருளீட்ட விரும்பியவர். ஆகவே ஆள் குறைவு என்பதையே காரணமாகக் காட்டி உழவனை மண்ணோடு கட்டினர். 1496-இல் போலந்து நாட்டுச் சட்டம் உழவர் ஊரை விட்டு நீங்குவதைக் கடுமையாக வரையறுத்தது. 1520-இல் வாரத்துக்கு ஒரு நாள் கூலியற்ற உழைப்பு விதிக்கப்பட்டது. பின் நாட்கள் பெருகின. இரசியாவில் 1649-ஆம் ஆண்டுச் சட்டம், ஓடிப்போன அடிமையை எத்தனை ஆண்டு கழித்தும் பிடித்து வரலாம் என்றது; அங்கே விடுதலை வர 1861 ஆயிற்று. மேற்கிலும் கிழக்கிலும் ஆள் குறைவு ஒன்றே, விளைவு இரண்டு. மேற்கே உழவனால் நடக்க முடிந்தது. நடந்து சென்ற இடத்தில் அவனை ஏற்பாரும் இருந்தனர். கிழக்கே வழி அடைபட்டது. வேறுபாடு அங்கேதான் உள்ளது.

நம் வினாவுக்கு இதுவே விடையாகத் தோன்றுகின்றது. நோய் விடுதலை தரவில்லை, மன்னரின் சாசனமும் தரவில்லை, பாராளுமன்றமும் தரவில்லை. பெயரறியாத பல்லாயிரவர், மூட்டையைத் தோளில் இட்டுக்கொண்டு, தங்கள் உழைப்புக்கு உரிய விலை எங்கே கிடைக்குமோ அங்கே சென்றனர். எழுந்து நின்று கேட்டவர் சிலர் தூக்கில் தொங்கினர். அவர்கள் கேட்டதனால் பிரபுக்களுக்கு அச்சம் பிறந்தது. நடந்தவர் நடந்துகொண்டே இருந்ததனால் அவ்வச்சம் நிலைத்தது. இவ்விரண்டும் கூடியே நூறாண்டுகளில் அடிமைத்தளையை அறுத்தன.

அவையோரே! வேலை தேடி வெளியூர் செல்வதை நம் ஊர்களில் ஒரு குறையாகப் பேசுவாரும் உண்டு. சென்று பிழைக்கும் உரிமை எத்துணை விலை கொடுத்து மனித இனம் பெற்ற ஒன்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். இன்று நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, இந்திய நாடெங்கும் தடையின்றிச் செல்லவும் எப்பகுதியிலும் குடியிருக்கவும் குடிமக்களுக்கு உரிமை வழங்குகின்றது. அந்த ஒரு வரியின் பயனைத்தான் இந்தக் காலனியில் நாம் ஒவ்வொரு நாளும் துய்க்கின்றோம். அதே வேளையில், ஸ்டிராஸ்பர்க்கின் யூதரையும் இலண்டனின் நெசவாளரையும் மறவாதிருப்போம். நமக்குப் பின் இங்கே மூட்டையோடு வந்து இறங்குபவன் எம்மொழி பேசினாலும், எந்த வேலை தேடி வந்தாலும், அவனும் நம்மைப் போல் நடந்து வந்தவனே. நம் வாசலில் அவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்குமாயின், இவ்வரலாற்றைக் கேட்டதற்குப் பயன் உண்டு.

செயின்ட் ஆல்பன்ஸ் ஊராரின் வீடுகளில் அத்திருகைத் துண்டுகள் எத்தனை நாள் இருந்தனவோ அறியோம். இனி ஊருக்குச் செல்லும்போது, பழைய வீட்டின் மூலையில் பாட்டியின் திருகை கிடக்கக் கண்டால், பிள்ளைகளை அருகழைத்து இக்கதையைச் சொல்லுங்கள்.